மூன்றாம் பாகம், மெதுவாக

மாஸ்டர், நீங்கள் உயிரோடு இருந்தவரை அந்த சிம்பொனியை எந்தக் கம்பெனியும் பதிவு செய்யவில்லை. இப்போது செய்திருக்கிறார்கள், அதையும் தப்பாக. இரண்டும் அநியாயம்.

சிடி நேற்றுத் தபாலில் வந்தது. பிரித்ததும் எழுந்த புது பிளாஸ்டிக் வாசனை, சாலை பஜாரிலுள்ள என் இரும்புக் கடையின் ஆணி, கிரீஸ் வாசனையோடு ஒட்டவில்லை. உறையில் ‘உலகின் முதல் ஒலிப்பதிவு’ என்று போட்டிருக்கிறார்கள்.

முதலில் கேட்டவன் நான். நீங்கள் பேண்டில் கிளாரினெட் ஊதி ஓய்வு பெற்றிருந்த சமயம். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்திருந்த, இசைக்குறிகள் அச்சிட்ட ஸ்கோர் புத்தகத்தோடு வந்து பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தீர்கள். போன நூற்றாண்டில் யாரோ எழுதி, உலகம் சீந்தாமல் விட்ட இசை. எனக்கு அந்தக் குறிகளைப் படிக்கத் தெரியாது. ரேடியோ கேட்டு வந்த ஞானம்தான். பக்கம் பக்கமாக நீங்கள் முனகிக் காட்டினீர்கள்.

கதவுக் கீல் வாங்க வந்த ஒருவர் கேட்டார்: “எந்தா அண்ணாச்சி, மூப்பருக்கு வயித்து வேதனையா?”

நீங்கள் நிமிராமலே சொன்னீர்கள்: “இல்ல மக்களே, இது நாப்பது வயலினாக்கும்.”

மூன்றாம் பாகம் வந்தது. தலைப்பில் விரலை வைத்தீர்கள். “மெதுவா, இன்னும் மெதுவான்னு எழுதியிருக்கு வேய். இத எவனும் ஓட்டிரப்பிடாது.” ஓட்டவில்லை நீங்கள். ஒவ்வொரு வரியும் முடிந்தபின் மூச்சு வாங்கினீர்கள். நான் தராசைத் தொடவில்லை.

சிடியில் ஓட்டுகிறார்கள். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்களைப் போல.

மகளிடம் சொன்னேன். “அப்பா, அவரு வயசானவரு. மூச்சு போதாம மெதுவா பாடியிருப்பாரு” என்றாள்.

“அப்ப நாலாம் பாகத்த ஒரே மூச்சுல எப்படி ஓட்டினாரு?”

“உங்ககிட்ட பேச முடியாது” என்று போய்விட்டாள். அது பதில் ஆகாது. ஆனால் எடுத்துக் காட்ட என்னிடமும் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு அலமாரியோடு ஸ்கோரைக் கரையான் தின்றுவிட்டது. உங்களுக்குச் சாட்சி நான் மட்டும்தான்.

ஆகவே செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். அதை எழுதியவரின் நாட்டு நூலகத்தில் இன்னொரு பிரதி இருந்தால், மூன்றாம் பாகத்தின் தலைப்பை அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். இசைக்குழு நடத்துனர் அதை மறுபடி வாசிக்க வைக்க வேண்டும். கம்பெனி உறையிலிருந்து ‘முதல்’ என்ற சொல்லை எடுக்க வேண்டும். மூவருக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரும்வரை, மத்தியானம் கடையில் ஆள் குறைந்ததும், மூன்றாம் பாகத்தை நான் முனக வேண்டும். நீங்கள் மூச்சு வாங்கிய இடங்களில், எனக்குத் தேவைப்படாவிட்டாலும், நானும் வாங்க வேண்டும்.