பதினாலாயிரம் அடிக்கு மேல் அடித்த மணி

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், மாடிப்படி ஏறினால்தான் முழங்கால் வலிக்கிறதாம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். எப்போதும் போனில் பேசுகிற மனுஷன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாரே என்று பதறாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை. காகிதத்தில் எழுதி ரொம்ப நாளாகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டு விஷயம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பீப் பீப் என்று கூப்பிடும் இல்லையா, அது கூப்பிடுவதே இல்லை, ரிப்பேர் என்று போன மாதம் ஆளை வரவழைத்தேன். அவர் திறந்து பார்த்து, மூடி, ஓடவிட்டு, மெஷின்ல தப்பு ஒண்ணும் இல்ல சார் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஒரே சிரிப்பு. அது பாட்டுக்கு அடிச்சிக்கிட்டுதான் இருக்கு, நீங்கதான் பேப்பரை விட்டு நிமிர மாட்டேங்கறீங்க என்றாள். இரண்டு பேரும் கூட்டு சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம், இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இதைப் போய் ஏன் எழுதுகிறார் என்று கேட்பாய், காரணம் இருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை முதலாளியை அவருடைய சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வலது சீட்டில் அந்தத் துணை விமானிப் பெண், உன் வயதுதான் இருக்கும், சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பேச்சு மெதுவாக இருக்கும், கத்திப் பேசும்மா என்று நான் தினம் ஒரு தடவையாவது அவளைத் திட்டுவேன். பதினாலாயிரம் அடி வரை ஏறி நில்லுங்கள் என்று கீழேயிருந்து உத்தரவு. அந்த எண்ணைத் திருகி வைத்துவிட்டால் ஆட்டோபைலட் விமானத்தைத் தானே ஏற்றி, கிட்டே வந்ததும் மூக்கைத் தாழ்த்தி, சொன்ன இடத்தில் நிறுத்திவிடும். அது மூக்கைத் தாழ்த்த ஆரம்பிக்கிற அந்தச் சில விநாடி மட்டும், ஏறுகிற வேகத்தை மாற்றும் சின்னச் சக்கரத்தைத் தொடவே கூடாது. தொட்டால் நிற்க வேண்டும் என்பதையே விட்டுவிட்டு, நாம் வைத்த வேகத்தில் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போகும். இருபத்தாறு வருஷமாக எத்தனை பிள்ளைகளுக்கு இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நானே தொட்டேன் கண்ணு. எதற்குத் தெரியுமா, பின்னால் முதலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார், கோப்பை ஆடினால் அவருக்குப் பிடிக்காது, கொஞ்சம் மெதுவாக ஏறட்டுமே என்று ஒரு விரலால் தள்ளிவிட்டேன். நூறு பேரை ஏற்றிப் போகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை, எங்களைப் போல ஒருத்தருக்கு ஓட்டுகிறவர்களுக்கு விமானம் ஓட்டுவதில் பாதி, கோப்பையைக் காப்பாற்றுவது.

தள்ளிவிட்டு, இறங்குகிற ஊரில் முதலாளிக்குக் கார் வந்து நிற்கிறதா என்று இன்னொரு ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கீழே இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள், பிறகு என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், இரு என்று கையைக் காட்டினேன். மறுபடி சொன்னாள், மறுபடி கையைக் காட்டினேன். அவ்வளவுதான், ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு அவளே மூக்கைக் கீழே அழுத்திவிட்டாள். அதே நேரத்தில் காக்பிட்டில் எச்சரிக்கைக் குரல் அலறியது, நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு பெரிய விமானம் எங்கள் தலைக்கு மேல் போகிறது. அதன் வயிற்றில் சக்கரக் கதவின் கோடுகூடத் தெரிந்தது. நாங்கள் பதினாலாயிரத்து அறுநூறு அடியில், அவர்கள் பதினைந்தாயிரத்தில், நடுவே வெறும் நானூறு அடி.

தரை இறங்கியதும் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். உன் அப்பன் செய்ததைக் கேள். முதலாளி மடியெல்லாம் சூடான டீ, ஆள் கொதித்துப்போய் நிற்கிறார், நான் அந்தச் சூட்டோடு அறிக்கை எழுதினேன். ஆட்டோபைலட் கோளாறு, உயரம் தாண்டினால் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை, துணை விமானி என்னிடம் கேட்காமல் முரட்டுத்தனமாகக் கட்டுப்பாட்டைப் பிடித்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய் சொல்கிறோம் என்று நினைத்து எழுதவில்லை, சத்தியமாக அப்படித்தான் நடந்தது என்றே நம்பினேன். முதலாளி அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை, மேலாளர், மெக்கானிக், அந்தப் பெண், நான். மெக்கானிக் இரண்டு நாளாக ஒவ்வொரு பெட்டியாகக் கழற்றிச் சோதித்திருக்கிறார். மெஷின்ல தப்பு ஒண்ணும் இல்ல சார் என்றார். அதே வார்த்தை, ஒரு எழுத்து மாறவில்லை. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, அப்போ மணி ஏன் அடிக்கல, அதுக்குப் பதில் சொல்லுங்க என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். அவர் காக்பிட் சத்தத்தைப் பதிவு செய்கிற கருவியை ஓடவிட்டார். என் குரல் காரைப் பற்றிப் பேசுகிறது. திடீரென்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். நான் எதற்கு என்று பார்த்தேன். மேலாளர், அடிச்சுதே கேப்டன் என்றார். எங்கே அடித்தது, மறுபடி போடுங்கள் என்றேன். போட்டார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை மெக்கானிக், மணி அடிக்கிற இடத்தில் விரலால் மேசையைத் தொட்டுக் காட்டினார். விரல் தொட்டது தெரிந்தது. மணி இல்லை. என் குரல் மட்டும்தான் காரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. கேப்டன், உயரம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை சொன்னதும் அதில் இருக்கிறதாம்.

இடி விழுந்த மாதிரி என்று எல்லோரும் சொல்வோம், அன்றைக்குத்தான் அது என்ன என்று புரிந்தது. அவள் எழுந்து வந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நான் வேலையைப் பறிக்க எழுதினேன், அவள் தண்ணீர் கொடுக்கிறாள். அங்கேயே பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கிப் புதிதாக எழுதினேன். சக்கரத்தைத் தொட்டது நான், மணி அடித்தது, எனக்குக் கேட்கவில்லை, துணை விமானி இல்லையென்றால் நாங்கள் யாரும் இல்லை. முதலாளிக்கும் நேரில் போய்ச் சொன்னேன். அவர், அந்தப் பொண்ணு இருக்கட்டும் என்றார். மறுநாள் காது டாக்டர் சோதித்துவிட்டு ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். கனத்த சத்தம் எல்லாம் கேட்கிறதாம், மெல்லிசான மேல் சத்தம் வருகிற இடத்தில் கோடு கீழே விழுந்து கிடக்கிறது. மணி, பீப், பெண்பிள்ளைகள் மெதுவாகப் பேசுவது எல்லாம் அதில்தான் வருமாம். வருஷா வருஷம் நடக்கிற பரிசோதனையில் எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டார். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே தூக்கியிருக்கிறேன் போல, எனக்கே தெரியாமல். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் கண்ணு. இனி அப்பா ஓட்டப்போவதில்லை. அதற்கு நீ அழாதே, அதற்காக இந்தக் கடிதம் இல்லை.

போன வருஷம் ஒரு நாள் போனில் நீ, அப்பா உங்க பக்கத்துல அலாரம் அடிக்குது, நிறுத்துங்க என்று கத்தினாய். லைன்ல ஏதோ சத்தம்மா என்றேன். கடல் தாண்டி உனக்குக் கேட்டது, கை எட்டுகிற தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் நீ பேசினதில் எனக்கு எவ்வளவு கேட்டது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. உன் குரல் போனில் இறங்கி இறங்கி வரும், பாதிக்கு மேல் புரியாது, ம் ம் என்பேன், சரிம்மா என்பேன், பிள்ளை சந்தோஷமாகத்தானே பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ ஏதோ ரொம்ப மெதுவாகச் சொன்னாய், நான் பதில் சொன்னதும் போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நீ அம்மாவோடு மட்டும்தான் பேசுகிறாய். வேலை அதிகம் போல என்று இருந்துவிட்டேன். நேற்று அம்மாவிடம் கேட்டேன், அன்னிக்கு என்னதான் சொன்னா என்று. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை அவகிட்டயே கேளுங்க, நீங்க சொன்ன பதிலை மட்டும் நான் சொல்றேன், ரொம்ப சந்தோஷம்மான்னு சொன்னீங்க என்றாள்.

தங்கம், நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அதை எனக்கு எழுது. போனில் வேண்டாம், காதுக்குக் கருவி வர இன்னும் பதினைந்து நாள் ஆகும், எழுதியே அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். வேளா வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எழுத மறந்துவிடாதே, இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா