குறிப்பில் இல்லாத நான்கு நிமிடம்

அக்கா,

நீ போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் எழுதித் தொலைக்கிறேன்.

பாப்பாவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஒரு கையை இன்னும் தூக்கவில்லை. சட்டை போடும்போது அந்தக் கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், இல்லையென்றால் வீறிட்டு அழுகிறாள்.

பிரசவக் குறிப்பின் நகலை வக்கீலிடம் கொடுத்தேன். "தோள் மாட்டிக்கிச்சுன்னு இதுல எங்கயும் இல்லையேம்மா, சுகப்பிரசவம்னுல்ல எழுதியிருக்கு?" என்றார்.

தலை வந்தபின் தோள் சிக்கியது. டாக்டர் இழுக்க இழுக்க, "இழுக்காதீங்க டாக்டர், இவ காலை வயித்தோட மடக்கிப் பிடிக்கலாம்"னு கத்தினது யார்? நீதானே அங்கே நர்ஸ்? கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை உரக்கச் சொன்னதும் நீதான். நான்கு வரை சொன்னாய்.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். புரிகிறது. புரிந்து நான் என்ன செய்ய? சாட்சிக்கு வேறு யாரைக் கூப்பிடுவேன்?

ஒன்றை மட்டும் வக்கீலிடம் சொல்லவில்லை. 'சுகப்பிரசவம்' என்று எழுதியிருப்பது என் பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் நீ பெயர் எழுதிக் கொடுத்த அதே உருண்டை எழுத்து.

திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அதற்குள் ஒரு தடவை வந்து இவளுக்குச் சட்டை போட்டுவிட்டுப் போ. எந்தக் கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் தங்கை