குதிகாலில் ஒரு சிவப்பு நூல்

என் வாஹ்ராமுக்கு,

நம் ஊர் கோரிஸில் இன்னும் பனி விழுகிறது. கூரை ஒழுகுகிறது, நீ வந்து பார்த்துக்கொள்வாய்.

நேற்று நீ காவல் நிற்கும் எல்லையிலிருந்து ஓர் இராணுவ அதிகாரி வந்தார். மேசைமேல் ஒரு கம்பளிக் காலுறையை வைத்தார். அதைப் போட்டிருந்தவனை முகத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியவில்லையாம்.

"பாரும்மா, உன் கைவேலையா?" என்று உன் அம்மா கேட்டார்.

நான் சிரித்தேன். "என்ன அத்தை, இவ்வளவு கோணலாவா நான் பின்னுவேன்? எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அத்தை என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

கல்யாணத்தின்போது, நம் ஊர் மணப்பெண்களின் வழக்கப்படி, உன் வீட்டார் எல்லோருக்கும் காலுறை பின்னிக் கொண்டுவந்தேன். உன்னுடையதில் மட்டும் குதிகாலின் உட்புறம் ஒரு சிவப்பு நூல் ஓட்டினேன். அது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அதிகாரி கொண்டுவந்ததை நான் உட்புறம் திருப்பிப் பார்த்தேன்.

உனக்கு எப்போதுதான் புத்தி வரும்? எவன் குளிரில் நடுங்கினாலும் போட்டிருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிடுவாய். இதை யாருக்குக் கொடுத்தாய்? சத்தியமாகக் கோபிக்க மாட்டேன். கொடுத்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது.

புது ஜோடி பின்னுகிறேன். குதிகால்வரை வந்துவிட்டேன். சிவப்பு நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மனைவி