ஒரு மீட்டர், நாலு வீடு

அன்புள்ள ராத்தாவுக்கு,

குறிஞ்சிப்பிட்டி வரை வந்தும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வாசலோடு திரும்பிவிட்டேன். கோபம் வந்திருக்கும்.

உதவித்தொகைப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லையென்று கேட்டீர்கள். ‘விசாரிக்கிறேன்’ என்றேன். விசாரிக்க ஒன்றுமில்லை. குடும்பங்களைத் தெரிவுசெய்யும் கணினி முறையை உருவாக்கியவள் நான்தான். மின்சாரம் அதிகம் பாவிக்கும் வீடு வசதியான வீடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

உங்கள் மீட்டரிலிருந்து பக்கத்து மூன்று வீடுகளுக்கு வயர் போவதை அன்றுதான் கண்டேன். “அகதியா வந்த சனத்த இருட்டுல வெச்சிட்டு நாங்க மட்டும் லைட் போடுறதா?” என்றீர்கள். ஒரு மீட்டரில் நாலு வீடு எரியலாம் என்று இத்தனை வருடப் பொருளாதாரப் படிப்பில் எனக்குத் தோன்றவேயில்லை.

நாளை அலுவலகக் கூட்டத்தில் என் முறை பிழையென்று நானே சொல்லப்போகிறேன். “ஒங்கட பேர்தான் கெடும்” என்கிறார் எங்கள் பணிப்பாளர். கெடட்டும். ஒவ்வொரு மீட்டரிலும் எத்தனை வீடு என்று ஊர் ஊராகக் கேட்டு முடிக்கும்வரை அந்தப் பட்டியலில் கையெழுத்து வைக்கமாட்டேன்.

கரண்ட் பில் கூடின வீட்டுக்கு உதவித்தொகை இல்லையென்று ஊரில் பேச்சாம்; பட்டியலில் சேர்வதற்காக மச்சான் அந்த வயர்களைக் கழற்றப்போவதாகச் சொன்னார். கழற்ற விடாதீர்கள். நாலு வீட்டிலும் லைட் எரியட்டும். திருந்தவேண்டியது என் கணக்கு.

தேத்தண்ணி குடிக்கத் திரும்பி வரும்
உங்கள் தங்கை