இளமதி அலமாரியில் இரண்டு ஸ்பீக்கர்

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

என் கண்ணு இளமதிக்கு அம்மா பாஞ்சாலை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? மாப்பிள்ளை அஜித் உன்னை வேளைக்குச் சாப்பிட வைக்கிறாரா? நாங்கள் யார் கூப்பிட்டாலும் உன் போனுக்குப் போகவே மாட்டேன் என்கிறது. உன் தோழி சங்கீதாவைக் காலில் விழாத குறையாகக் கேட்டேன். விலாசம் தரமாட்டேன் என்று உனக்குச் சத்தியம் செய்திருக்கிறாளாம். கடிதம் கொடுத்தால் சேர்க்கிறேன் என்றாள். கோபத்தில் கிழித்துவிடாதே அம்மா, கடைசி வரை படி.

ஸ்பீக்கர் கதையைச் சொன்னால்தான் உனக்கு எல்லாம் விளங்கும். தலைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரட்டுமா, அப்பா வாயால் வா என்று சொன்னால்தான் வருவேன் என்று நீ போனில் பேசிப் பதிந்து அனுப்பினாயே, அதை அவர் போனைக் காதில் ஒட்டிக்கொண்டு கேட்டார். ஒரே இரைச்சல், போன் கெட்டுவிட்டது என்றார். அவர் சம்மதமில்லாமல் நடந்த உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ அவருக்கு அனுப்பிய முதல் பேச்சு. எனக்கு வந்ததை நானேதான் கேட்பேன் என்று பஜாருக்குப் போய் உருண்டையாக ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வந்தார். அதில் தம் தம் என்று அதிர்வுதான் வருகிறது, பேச்சு வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து டிவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி. அதுவும் உதவாதாம்.

அந்தப் பெட்டியில் அவர் போட்டபோது, அடுப்படியில் இருந்த எனக்கு நீ பேசியதில் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான் என்று நினைத்தேன். மகளை வா என்று சொல்ல மனசில்லாமல் பழியைப் பெட்டி மேல் போடுகிறார் என்று வயிறு எரிந்தது. அவரோடு பேச்சை விட்டுவிட்டேன். நீயும் அப்படித்தானே நினைத்து எங்கள் நம்பரை அடைத்துப் போட்டாய்?

போன வாரம் என்னையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அலமாரியில் வைக்கிற மாதிரி ஜோடி ஸ்பீக்கர் பார்த்தோம். கடைக்காரர் அருணகிரி பொறுமைசாலி. சின்னக் கூடத்துக்குப் பெரிய பெட்டி எதற்கு, வீண் முழக்கம்தான் மிஞ்சும் என்றார். சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் தனியாக வாங்கத் தேவையில்லாதது, பேச்சு தெளிவாக வருவது, நம் கைக்கு அடங்குவது என்று இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். அவர் முன்னால் நின்று கேட்டதற்கெல்லாம் உன் அப்பா பதில் சொன்னார். வயர் மாற்றப் பின்பக்கம் போன அருணகிரி, இது எப்படி அண்ணா என்று அங்கிருந்தே கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார், உரக்கவும் கேட்டார். உன் அப்பா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அருணகிரி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

உனக்குத் தெரியாததா? நாங்கள் வேலை பார்க்கும் பவர்லூம் தறிகள் ஓடும் இடத்தில் யார் குரல் யாருக்குக் கேட்கிறது? உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியும்தானே எல்லோரும் பேசுகிறோம். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். அதனால் அவர் காது போனது எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை.

அதில் ஒரு ஜோடியை வாங்கி வீட்டுக்கு வந்து உன் புத்தக அலமாரியில் இரண்டு பக்கமும் பெட்டிகளை வைத்தார். உன் புத்தகங்களை எடுக்கவிடவில்லை, நகர்த்தித்தான் வைத்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, கல்யாணமான நாளாக வாயில் வராத அவர் பெயரைச் சொல்லி, மாணிக்கவேலு என்று கூப்பிட்டேன். கத்தினேன். திரும்பவில்லை.

அழுதுகொண்டே முன்னால் போய், நீ கேட்டதை அவர் முகத்துக்கு நேராக உதட்டசைத்துச் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் பொண்ணு இதையா கேட்டுகினு இருந்துச்சி? நான் பெட்டிய மாத்திகினு இருந்தேனே" என்றார். அப்போதிருந்து உன் நம்பரைப் போடுவார், போன் திரையைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். வேலூரில் காது டாக்டரிடம் காட்டினோம். தறிச் சத்தம் தின்ற காது, போனது போனதுதான், மெஷின் வைத்தால் கொஞ்சம் உதவும் என்றார்.

இளமதி, உனக்கு இது ஒன்பதாம் மாதம். தாய் வீடு இருந்தும் இல்லாதவளாக நீ எங்கேயோ வலியெடுத்துக் கிடப்பாயோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வா என்று எழுது, வா என்று எழுது என்று உன் அப்பா என் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். எழுதிவிட்டேன். உன்னைக் கட்டிக்கொண்டவரையும் கூட்டிக்கொண்டு வா.

எங்கள் குலதெய்வம் உன்னையும் பிள்ளையையும் கைவிடாது. இதைப் படித்துவிட்டுப் போனில் பதில் சொல்லாதே கண்ணு, அப்பாவுக்குக் கேட்காது. வந்து முகத்தைக் காட்டு.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அம்மா பாஞ்சாலை