ஆறு வண்டியிலும் கேட்டது

ஜூன் 3, புதன்

பாப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஆனாலும் தூங்கும்போது நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறது. "வராம எங்க போகும்?" என்று முன்பெல்லாம் அவள் அப்பா கிண்டல் செய்வார். இப்போது பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிப் படுத்துக்கொள்கிறார். பாப்பாவைத் தூக்குவதுகூட இல்லை.

இன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே, "அடுத்த வாரக் கடைசியில ட்ரெயில் இருக்கு. நீயும் பாப்பாவும் வாங்களேன்" என்றார். ஆறு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு இதுதான். பால் வாங்கணுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, கதவைச் சாத்து. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் சம்சாரம் இவ்வளவில்தான் ஓடுகிறது.

கல்யாணமான புதிதில் ஒருமுறை ட்ரெயிலுக்குக் கூடப் போயிருக்கிறேன். ஜீப்புகளும் பெரிய ஃபோர்வீல் வண்டிகளும் வரிசையாக, மனிதர் நடக்கவே யோசிக்கிற கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்கும். ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் பெல்ட் கட்டி இழுப்பார்கள். வாரமெல்லாம் உழைத்தவர்களுக்கு இது ஓய்வாம்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 5, வெள்ளி

முதல் வண்டியில் குழந்தைகளை ஏற்ற மாட்டார்களாம். அவர் எப்போதும் முதல் வண்டி. அப்புறம் எதற்குக் கூப்பிட்டார்?

ஜூன் 12, வெள்ளி

காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர், வாந்திக்கு ஒன்று, பேதிக்கு ஒன்று, டார்ச் மூன்று, பாப்பாவுக்கு ஏழு செட் துணி. வாசலில் பைகளைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள்தான் போறோம். குடி போகல" என்றார். உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. சிரிப்பா? நான் நிமிர்வதற்குள் போய்விட்டது.

எல்லா வண்டிகளின் வாக்கி-டாக்கி ரேடியோக்களையும் அவரே மேஜையில் வரிசையாக வைத்துச் சார்ஜ் போட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பட்டன் உள்ள எதுவும் அவர் கைக்கு அடங்கும்.

வண்டி கவிழ்ந்தால்? பாம்பு? பாப்பாவுக்கு நடுக்காட்டில் மூச்சு முட்டினால்? அத்தையிடம் போனில் சொன்னேன். "நல்லதையே நினைம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் அத்தை நல்லதைத்தான் நினைத்தார்: "பாக்காம இருந்ததே நல்லதும்மா, பாத்திருந்தா மறக்க மாட்டே."

பார்க்காததை மட்டும் மறக்க முடிகிறதா?

ஜூன் 13, சனி (கூடாரத்தில், டார்ச் வெளிச்சத்தில்)

உயிரோடுதான் இருக்கிறோம். பாப்பா மண்ணைத் தின்றாள். ஒன்றும் ஆகவில்லை.

ஆறு வண்டிகள். மண்பாதை தொடங்குகிற இடத்தில் எல்லாரும் குந்தி உட்கார்ந்து டயரில் பாதிக் காற்றை இறக்கினார்கள். தளர்ந்த டயர்தான் கல்லைக் கவ்வுமாம். முதலில் அவருடைய ஜீப், பக்கத்தில் அவருடைய நண்பர் பல் டாக்டர். அடுத்தது செல்போன் கடைக்காரர். அவருக்குப் பெயரே 'கமெண்ட்ரி', வாய் ஓயாது. நானும் பாப்பாவும் கடைசி வண்டியில், மெக்கானிக்கின் மனைவியோடு. எல்லாருக்கும் அவர் அக்கா. மெக்கானிக்கைவிட நன்றாக ஓட்டுவார், அதனால் மெக்கானிக் வேறு வண்டியில் போகிறார் என்று அவரே சொன்னார்.

வண்டிக்கு ஒரு ரேடியோ. பட்டனை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் கேட்க மட்டும்தான் முடியும். முதல் வண்டிதான் பாதையைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

வறண்ட ஓடைக்குள் இறங்குகிற இடத்தில், புதிதாக வந்திருந்த வங்கிக்காரர் பயந்து நின்றுவிட்டார். ரேடியோவில் ஒரு குரல்: "சார், இடது பக்கம் ஒரு கல்லு இருக்கு. அதைப் பாக்காதீங்க, பாத்தா அதுலதான் போய் ஏறுவீங்க. வலது ஓரமா, மெதுவா. ஒண்ணும் ஆகாது. நான் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அவர் குரல்தான். அந்தக் குரலை நான் எவ்வளவு நாளாகக் கேட்கவில்லை! அந்த வங்கிக்காரராகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

"உன் வீட்டுக்காரர் பேசினா செங்குத்துலகூட தூக்கம் வருது தங்கச்சி" என்றார் அக்கா.

"எங்க வீட்டுல இந்த ஸ்டேஷன் எடுக்காதுக்கா."

அக்கா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பா தூங்குகிறாள். அவர் குளிக்கிறார். எழுத்து கோணுகிறது. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவில், ஒரு வண்டி மட்டும் போகிற வழி. ரேடியோவில் திடீரென்று அவர் குரல். பாதையைப் பற்றி இல்லை.

"…பாக்கலைன்னு சொல்லிட்டேன் டாக்டர்."

பேசுவது எல்லாருக்கும் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பட்டன் மாட்டிக்கொண்டிருக்கிறது. அது மாட்டியிருக்கும்வரை எங்களில் யாராலும் அவரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லவும் முடியாது.

"மயக்கம் தெளிஞ்சதும் முதல்ல அவ அதைத்தான் கேட்டா. பாத்தீங்களான்னு. நானும் பாக்கல, அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லிட்டேன். பாத்தேன் டாக்டர். நர்ஸ் புள்ளைய என் கையில குடுத்தாங்க. ஒரு மணி நேரம் வச்சிருந்தேன். அவ உள்ள ரத்தம் நிக்காம கெடக்குறா, நான் வெளிய மூச்சில்லாத இவன வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். பத்து மாசம் சுமந்தவ பாக்கல. நான் மட்டும் பாத்தேன்னு எந்த வாயால சொல்றது?"

அக்கா சத்தத்தைக் குறைக்கக் கை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பேச்சு இல்லை. வேறு சத்தம்.

பின்சீட்டிலிருந்து பாப்பா, "அப்பாக்கு சளியா?" என்றாள்.

"ஆமாண்டா தங்கம்" என்றார் அக்கா.

கமெண்ட்ரிதான் வழி கண்டுபிடித்தார். தன் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டார். பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்வண்டி நிற்க வேண்டும், அது இவர்கள் சட்டம். முன்னால் இவர் ஜீப்பை நிறுத்தி ரேடியோவைக் கையில் எடுத்திருப்பார் போல. டக் என்று பட்டன் விடுபட்ட சத்தம். உடனே பழைய குரல்: "பின்னாடி என்னாச்சு?" யாரும் ரேடியோவில் பதில் சொல்லவில்லை. கமெண்ட்ரிகூட. இறங்கி முன்னால் ஓடிப் போய், "ஒண்ணுமில்லண்ணே, வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்றாராம்.

சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கமெண்ட்ரி தானாகவே ஆரம்பித்தார்: "அண்ணே, எங்க ரேடியோ காலையிலேயே செத்துப்போச்சு." மெக்கானிக், "எங்களுதும்." வங்கிக்காரர், பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், "என்னுது ராத்திரியே" என்றார். அக்கா: "எங்களுதும் எடுக்கல, பாட்டுதான் போட்டிருந்தோம்." மிச்சமிருந்த ஒரு வண்டிக்காரரும் வாயில் சோற்றோடு தலையாட்டினார்.

அவர் குழம்பிப் போய், "முந்தாநேத்துதானே எல்லாத்துக்கும் சார்ஜ் போட்டேன்?" என்றார்.

அவ்வளவு பேருக்கும் இன்றைக்குப் பொய் சொல்லத் தெரிந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

ஜூன் 15, திங்கள்

ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம்.

ஜூன் 17, புதன்

கோபமா? இல்லை. பொறாமை. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான். அந்த ஒரு மணி நேரத்தின் மேல் பொறாமை. அப்புறம், அதை ஒரு பல் டாக்டரிடம் சொல்ல முடிந்ததே, அதன் மேலும்.

அவராகச் சொல்லட்டும் என்றிருக்கிறேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளப் போவதில்லை. வேலை முடிந்து எல்லாருடைய வீட்டுக்கும் போய், 'செத்துப்போன' ரேடியோக்களை ஒரு கூடையில் வாங்கி வந்திருக்கிறார், ரிப்பேர் பண்ண. ஐந்து பேரும் மறுக்க முடியாமல் கொடுத்திருக்கிறார்கள். மறுத்தால் பொய் வெளியே வந்துவிடுமே.

கூடை அலமாரி மேல் இருக்கிறது. சமைக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 20, சனி

தெரிந்துவிட்டது.

மேஜையில் ஆறையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடி, "ஹலோ அப்பா" என்றாள். தெளிவாகக் கேட்டது. அடுத்தது. கேட்டது. அடுத்தது. "எல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்று தனக்குத்தானே சொன்னார். நான் அடுக்களையில், குழாயைத் திறந்துவிட்டு, ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத் தன்னுடையதை எடுத்து அழுத்தினார். மற்றவை எல்லாம் ஒரே நேரத்தில் ஊளையிட்டன. விரலை எடுத்தார். ஊளை நிற்கவில்லை. பட்டன் உள்ளேயே நின்றது. ஒரு மணல் துகள் மாட்டியிருந்திருக்கிறது.

மேஜையில் தட்டினார். நின்றது. ஐந்து பேர் ஏன் ஒரே பொய்யைச் சொன்னார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"எவ்வளவு கேட்டுச்சு?"

"எல்லாம்."

"எல்லாருக்குமா?"

"ம்."

"ஒரு வாரமா தெரிஞ்சும் தெரியாத மாதிரி எனக்கு சோறு போட்டிருக்கே."

"ஆறு மாசமா தெரிஞ்சும் தெரியாத மாதிரி நீங்க சாப்பிடலையா?"

சொல்லிவிட்டேன். சொன்ன வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன், நிஜமாகவே. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. வாசலில் ஜீப்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. சாவி மேஜையில்தான் இருந்தது. எங்கும் போக மாட்டார் என்று தெரியும். ஆனாலும் மூன்று முறை எட்டிப் பார்த்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

ஹாலில் படுத்துக்கொள்கிறார்.

ஜூன் 24, புதன்

கமெண்ட்ரி போன் செய்தார். இவர் எடுக்கவில்லை. அக்கா எனக்குச் செய்தார். "நாங்க யாருமே அதைப் பத்தி எங்களுக்குள்ளகூட பேசிக்கல தங்கச்சி. அவர்கிட்ட சொல்லு." சொன்னேன். "ம்" என்றார். இனி ட்ரெயிலுக்குப் போகப் போவதில்லையாம். அதைப் பாப்பாவிடம் சொன்னார், என்னிடம் இல்லை.

நான் என்ன கேட்டுவிட்டேன்? அவன் எப்படி இருந்தான் என்று தெரிந்துகொள்ளத்தானே? அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அந்த ஆளின் முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டேன். இனிச் சொல்லவே மாட்டாரோ?

ஜூலை 4, சனி

மதியம் பாப்பா தூங்கியதும் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"கேளு" என்றார்.

"என்னத்த?"

"என்ன வேணும்னாலும்."

ஆறு மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. "கால்" என்றேன். வயிற்றுக்குள் இருந்தவரை எனக்குத் தெரிந்தது அந்தக் கால் மட்டும்தான்.

கையை விரித்துக் காட்டினார்: உள்ளங்கையின் பாதி. "பெருவிரலைவிடப் பக்கத்து விரல் நீளம். உனக்கு இருக்கிற மாதிரி." கொஞ்சம் நிறுத்தி, நான் தலையாட்டும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். முடி நிறைய, ஈரமாக. இடது காது மடங்கியிருந்தது, அவர் விரலால் நீவிவிட்டாராம். கண் திறக்கவில்லை.

"நகம் வளர்ந்திருந்துச்சு. வெட்டி விடணும் போல…" நான் காத்திருந்தேன்.

"யார் ஜாடை?"

"பாப்பா பொறந்தப்ப இருந்தாளே, அதே முகம். அவளையே மறுபடி கையில குடுத்த மாதிரி. அதான் கொஞ்ச நாளா இவளத் தூக்கவே முடியல என்னால."

கடவுளே. அதற்கு நான் வேறு என்னென்னவோ காரணம் கற்பித்து வைத்திருந்தேன்.

"அவன்கிட்ட ஏதாவது பேசினீங்களா?"

"ம்."

"என்ன?"

"அம்மா தூங்குறா, சத்தம் போடாதேன்னு."

ஜூலை 6, திங்கள்

நேற்று முழுதும் அழுதேன். இன்றும். தெரியாமல் இருந்தபோது ஒரு விதமான வலி. இப்போது அதற்கு முடியும் நகமும் இருக்கிறது. அவர் இன்று வேலைக்குப் போகவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

ஜூலை 12, ஞாயிறு

ரேடியோக்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். "சரியாயிடுச்சாண்ணே?" என்று கமெண்ட்ரி பயந்துகொண்டே கேட்டாராம். "பேட்டரிதான். மாத்திட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அடுத்த ட்ரெயில் எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார். போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

அவனுக்குப் பேர் வைத்தோம். நான் ஒன்று சொன்னேன், அவர் ஒன்று சொன்னார். உங்களுடையதே இருக்கட்டும் என்றேன். தூக்கி வைத்திருந்தவர் அவர்தானே. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவனைப் பற்றி ஆறு வண்டிக்குக் கேட்டது போதும்.

பேரைச் சொல்ல வேண்டிய காது இல்லை. அவர் என் காதில் சொன்னார். நான் அவர் காதில் சொன்னேன்.