செடிக்குப் போர்த்திய கூரை

இஞ்சாருங்கோ,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முற்றத்தில் போட்ட பந்தல் விடியற்காலை மழையில் ஊறிப்போய் நிற்கிறது. வீடு முழுக்க ஈரத் தென்னோலைக் கிடுகின் வாசம். வந்த சனம் அதைப் பொருட்படுத்தாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. குசினிக்குள் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீங்கள் உயிரோடு இருந்தபோது உங்களுக்கு ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீங்கள் போய்த் தொலைந்ததும் இல்லை.

சனத்துக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் எழுத வந்த புலவர், செத்தவரின் சிறப்பைப் பாட்டில் வைக்க வேண்டும் என்று போன கிழமை என்னைக் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. “பயிர் பச்சையிலை உயிராயிருந்தவர் எண்டு எழுதுங்கோ” என்றேன். மனுசன் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். இன்றைக்கு அச்சடித்து வந்திருக்கிறது. பயிரைப் பிள்ளையாய்ப் பார்த்தவராம் நீங்கள். புலவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். தெரியாமலே சரியாக எழுதிவிட்டார்.

எங்கள் ஊர் நீர்வேலியில் எல்லாரும் வாழை வைத்தார்கள். நீங்களும் வைத்தீர்கள், ஊர் பார்ப்பதற்கு. வாழைக்குப் பின்னால், கிணற்றடியைத் தாண்டி, ஆள் உயரத்துக்கு மேல் கிடுகு வேலி அடைத்த துண்டு ஒன்று இருந்தது. அதற்குள் கஞ்சா. முதலில் வைத்தியம் பார்க்கிற ஒரு பரியாரியார் லேகியத்துக்குக் கேட்டார் என்றுதான் தொடங்கினீர்கள். அரசாங்கம் தடுத்ததும் பரியாரியார் பயந்து கையைக் கழுவிவிட்டார். நீங்கள் பட்டணத்தில் ஆள் பிடித்துக்கொண்டு, செடியைப் பெருக்கினீர்கள். அந்தச் செடிகளில் உங்களுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை. அதை ஒருத்தருக்கும் காட்ட முடியாது என்பதுதான் உங்கள் வாழ்க்கையில் இருந்த ஒரே துக்கம். மற்றவன் தன் வாழைக்குலையைச் சந்தையில் தூக்கிக் காட்டுவான். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வேலிக்குள் நிறுத்தி, “பார், உந்தப் பூவைப் பார்” என்பீர்கள். நான் பார்ப்பேன். அடுப்பில் சோறு குழைந்துபோகும்.

எவர் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்று அவற்றுக்கு நீங்கள் வைத்த பெயர் ‘பிள்ளையள்’. “பிள்ளையளுக்குத் தண்ணி விட்டனியே?” “பிள்ளையளுக்குப் பூச்சி விழுந்திருக்கு.” ஒருநாள் ஊர் அதிகாரி விதானையார் வாசல் படலையடியில் நின்று அதைக் கேட்டுவிட்டு, உமக்கு ஒரு பிள்ளைதானே என்று சிரித்தார். “வாழைக்குட்டியளும் பிள்ளையள்தானே ஐயா” என்றீர்கள். ஊரில் அதை ஒரு நல்ல பகிடி என்று சொல்லித் திரிந்தார்கள்.

எங்களுக்கு இருந்தது ஒரேயொரு பெண். நான் குஞ்சு என்பேன். நீங்கள் ‘உது’ என்பீர்கள். “உது ஏன் அழுகுது?” “உதைக் கொண்டுபோய் அங்காலை விடு.” செடிக்குப் பிள்ளை என்று பெயர் வைத்தவருக்கு, பிள்ளைக்கு வைக்க ஒரு பெயர் மிஞ்சவில்லை.

யுத்த காலத்தில் அரிசிக்குக் கூப்பன் வருவதற்கு முந்திய மாரிகாலம் அது. செடிகள் உங்கள் தலைக்கு மேல் வளர்ந்து, பூ முற்றும் பருவத்தில் மழையும் தொடங்கிவிட்டது. பூ பருத்துவிட்டால் அதற்குள் ஈரம் தங்கும், தங்கினால் உள்ளுக்குள்ளேயே அழுகும் என்று நீங்கள் பயந்தீர்கள். விடிய எழும்பியதும் பல் விளக்காமல் போய், ஒவ்வொரு கொப்பையும் பிடித்து மெல்ல உலுப்பித் தண்ணீரை உதிர்ப்பீர்கள். காற்றுக்குச் சாயாமல் கம்பு நட்டுக் கட்டுவீர்கள். பூவை விரித்து உள்ளே சாம்பல் பூத்திருக்கிறதா என்று பார்த்து, பழுதான துண்டை நகத்தால் கிள்ளி எறிவீர்கள். உங்கள் விரல்கள் அவ்வளவு மெதுவாக நடக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஏழு வருசம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

அந்தக் கிழமை குஞ்சுவுக்குக் காய்ச்சல். பூ வாங்குகிற ஆளைப் பார்க்க நீங்கள் பட்டணம் போயிருந்தீர்கள். மத்தியானத்தோடு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பட்டணத்திலிருந்து திரும்பிய வண்டில்காரர் எங்கள் படலையில் மாட்டை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, உம்மடை மனுசன் சொல்லிவிட்டவர். பெருமழை வரப்போகுதாம். பிள்ளை நனையாமல் பாக்கட்டாம். கொட்டிலுக்கை கிடக்கிற கிடுகு முழுக்க எடுத்து மூடட்டாம்.”

“பிள்ளையோ?” என்று கேட்டேன்.

“ஓம், பிள்ளைதான். ரண்டுதரம் சொன்னவர்.”

வெளி ஆள் ஒருவரிடம் செடியைப் பற்றி நீங்கள் வாய் திறப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கூரை ஒழுகும் என்பதும் தெரியும். நான் நம்பிவிட்டேன். கொட்டிலில் நீங்கள் அடுக்கி வைத்திருந்த புதுக் கிடுகை எல்லாம் ஏணி வைத்து ஏற்றி, குஞ்சு படுத்திருந்த அறைக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பிக் கட்டினேன். கை முழுக்கக் கீறல். இறங்கி வந்து, “அப்பா சொல்லிவிட்டவர், நீ நனையக் கூடாதாம்” என்று அவளுக்குச் சொன்னேன். “அப்பாவோ?” என்றாள். “ஓம், ரண்டுதரம் சொன்னவராம்.” அவள் சிரித்துக்கொண்டு கஞ்சி முழுவதையும் குடித்தாள். மழை பிடித்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. நான் நீங்கள் வந்து கால் கழுவுவதற்குச் சுடுதண்ணீர் வைத்துவிட்டு, உங்களை நினைத்து அழுதேன். வெட்கக்கேடு.

பொழுதுபடும் நேரம் வந்தீர்கள். வந்த காலோடு வேலிக்குள் போனீர்கள். திரும்பி வந்து, “கிடுகு எங்கை?” என்றீர்கள். நான் கூரையைக் காட்டினேன். அவ்வளவு பெருமையாகக் காட்டினேன்.

“எடி விசரி, நான் பிள்ளையள் எண்டெல்லோ சொல்லிவிட்டனான்.”

வண்டில்காரர் நல்ல மனுசன். ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்குப் பிள்ளையள் என்று செய்தி கொண்டுபோவது சரியில்லை என்று, தானாகவே ‘யள்’ஐ விட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறார். அடித்தீர்கள். அது வழக்கம், அதை எழுத ஒன்றுமில்லை. பிறகு கூரையில் ஏறினீர்கள். நான் போட்ட புதுக் கிடுகு போதாது என்று, அதற்குக் கீழே கிடந்த பழையதையும் உருவினீர்கள். வேலிக் கிடுகை எடுங்கோ என்று கெஞ்சினேன்.

“வேலியை எடுத்தால் விதானை காணுவான்.”

“அப்ப பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டை போறன்.”

“போனால் கூரை எங்கையெண்டு கேப்பினம். பேசாமல் இரு.”

படலையைக் கயிறு போட்டுக் கட்டினீர்கள். நானும் குஞ்சுவும் கட்டிலுக்குக் கீழே கிடந்தோம். அந்த இரவைப் பற்றி எழுதப் போவதில்லை. விடிந்தபோது ஒவ்வொரு செடியையும் சுற்றிக் கிடுகு வைத்து, காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி முடித்திருந்தீர்கள். குளிப்பாட்டிய குழந்தையைத் துணியால் சுற்றி வைத்ததுபோல் இருந்தது.

அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் படலையை அவிழ்த்தீர்கள். அதே வண்டிலில்தான் ஆசுப்பத்திரிக்குப் போனோம். நீங்கள் வரவில்லை, வெயில் எறித்தால் பிள்ளையளைத் திறந்துவிட வேண்டும் என்றீர்கள். வழி முழுக்க வண்டில்காரர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். “தகப்பன் அவ்வளவு சொல்லிவிட்டும் பிள்ளையை நனைய விட்டிட்டியே தங்கச்சி.” நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் உங்களை விலங்கு போட்டுக் கொண்டுபோவார்கள். அப்போது அது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது. மடியில் கிடந்த குஞ்சு அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, “அப்பா சொன்னவரெல்லே?” என்று மெல்லக் கேட்டாள். “ஓம் குஞ்சு, சொன்னவர்” என்றேன். ஆசுப்பத்திரிப் படியடியில் வண்டிலை விட்டு இறங்கும்போது அவளுக்கு உயிர் இல்லை.

அவளைப் புதைத்த அடுத்த நாள் வெயில் எறித்தது. வீட்டில் துக்கம் விசாரிக்க வந்த சனம். நீங்கள் எழும்பி வாழைக்குள் போனீர்கள். நான் பின்னால் வந்தேன், நீங்கள் என்னைக் காணவில்லை. முதல் செடியின் கிடுகைப் பிரித்தீர்கள். வெளியே பச்சையாகத்தான் இருந்தது. கை வைத்ததும் பூ அப்படியே கழன்று கையோடு வந்தது. உள்ளே கபில நிறத்தில் கூழாகி, சாம்பல் படர்ந்து, நாற்றம். அடுத்ததும் அப்படியே. காற்றே படாமல் ஈரக் கிடுகுக்குள் அவிந்து போயிருந்தன. எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்தி, “ஐயோ என்ரை பிள்ளையள்” என்று குரல் எடுத்து அழுதீர்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். வயிறு நோகச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

உங்கள் அழுகை முற்றத்துக்குக் கேட்டிருக்கிறது. “தகப்பன் மனம், ஒளிச்சு நிண்டு அழுகுது” என்று சனம் கண்ணைத் துடைத்தது. தாய் கல்லுப்போல இருக்கிறாள் என்றும் சொன்னார்களாம். செய்தி சொல்லிவிட்ட தகப்பன் நீங்கள், நனைய விட்ட தாய் நான். ஊரில் அது அப்படியே நின்றுவிட்டது. உங்கள் காதிலும் விழுந்தது. நீங்கள் ஒருநாளும் மறுக்கவில்லை.

நானும் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வரும் என்று வருசக்கணக்காகக் காத்திருந்தேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, “அண்டைக்கு நான் மூடினது பிழை” என்றீர்கள். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தேன். “காத்துப் பட விட்டிருந்தால் அரைவாசியெண்டாலும் மிஞ்சியிருக்கும்” என்றீர்கள். நான் உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

நீங்கள் போய்விட்டீர்கள், இனி விலங்கு போட ஆள் இல்லை. வண்டில்காரர் வெளியில் இருக்கிறார், கிழண்டிப்போனார். சற்றுமுன் அவர் பக்கத்தில் இருந்தவருக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது கதவுக்குள்ளால் கேட்டது. “ரண்டுதரம் சொன்னவர், பிள்ளை நனையக் கூடாதெண்டு.” நான் எழும்பிப் போய் முழுவதையும் சொல்லலாம். எழும்பினேன். கதவுவரை போனேன்.

திரும்பி வந்து இருக்கிறேன். உங்கள் பெயருக்காக அல்ல, அது நாறினால் எனக்கு நல்லதுதான். ஆனால் குஞ்சு அந்தச் செய்தியை நம்பிக்கொண்டுதான் போனாள். நனையக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்ட ஒரு அப்பா அவளுக்கு இருந்தார். வண்டில்காரரும் நானும் இருக்கும்வரை அந்த அப்பா இருப்பார். அவருக்காகத்தான் இந்தப் பழியைச் சுமக்கிறேன். உங்களை எனக்குத் தெரியாது.